சனிக்கிழமை எழுதிய ஸ்லைடு

விளக்குக்கு மேலே கண்ணாடியைப் பிடித்திருந்த கை ஆடவில்லை. சிம்னி கழற்றிய மண்ணெண்ணெய் விளக்கு அது. சுடரின் நுனிக்கு ஒரு விரற்கடை மேலே, உள்ளங்கை அகலச் சதுரக் கண்ணாடி இடமிருந்து வலம் போய்த் திரும்பியது. ஒரே இடத்தில் நின்றால் கண்ணாடி விரிசல் விடும். வேகமாகப் போனால் புகை திட்டுத்திட்டாகப் படியும். நாலு தடவை போய்வந்ததும் கண்ணாடி முழுக்க ஒரே கறுப்பானது. ஆறும்வரை அதை மரச்சட்டத்தில் சாய்த்துவிட்டு, அந்தக் கை ஊசியை எடுத்தது. முனை மழுக்கி மூங்கில் குச்சியில் செருகிய கோணி ஊசி.

"பேரு சொல்லுங்க."

"செல்லி."

"ஊரு? அப்பா பேரு?"

"கன்னிமார்பட்டி கிருஷ்ணப்பன் மவ. நாந்தான் கிருஷ்ணப்பன். என்னத் தெரியாதா பாய் உனக்கு?"

"தெரியுங்க. எழுதறதுக்கு முன்ன கேக்கணுமில்லிங்களா. சேதி என்னாங்க?"

"அவ ஆத்தாளுக்கு ரொம்ப முடியல. ஒடனே வரச்சொல்லு."

"எந்த வாசலுக்கு?"

"பொம்பளைங்க வாசலுக்கு." கொஞ்சம் பொறுத்து கிருஷ்ணப்பன் கேட்டார். "இது எத்தினி நேரம் நிக்கும் பாய்?"

"புள்ள எந்திரிச்சு வர்ற வரைக்கும் நிக்குங்க."

ஊசி இறங்கியது. புகை சுரண்டப்பட்ட இடத்தில் கண்ணாடி வெளுத்து எழுத்து தெரிந்தது. 'கன்னிமார்பட்டி கிருஷ்ணப்பன் மகள் செல்லி. தாயாருக்கு உடல்நிலை சரியில்லை. உடனே பெண்கள் வாசலுக்கு வரவும்.' மூன்று வரி. வரிக்கு வரி இடைவெளி ஒரே அளவு.

வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்று ஓடி வருகிறவர்கள் நின்ற இடத்தில் நிற்கமாட்டார்கள். காலை மாற்றி மாற்றி வைப்பார்கள், ரோட்டைப் பார்ப்பார்கள், 'சீக்கிரம் பாய்' என்பார்கள். கிருஷ்ணப்பன் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே புளியமரத்தடியில் ஒரு வேன் இன்ஜினை நிறுத்தாமல் நின்றது. அதன் பக்கத்தில் இரண்டு ஆட்கள் பீடிகூடப் பிடிக்காமல் நின்றார்கள். எழுதிக்கொண்டிருந்தவர் இதையெல்லாம் பார்த்தார். பார்க்கும்போது ஊசி 'லி'யின் சுழியில் இருந்தது. பாதிச் சுழியில் நிறுத்தினால் எழுத்து கோணிவிடும். அவர் சுழியை முடித்தார், பிறகு அடுத்த வரிக்குப் போனார்.

நூர் பாஷாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. காரிமங்கலத்திலிருந்து பாலக்கோடு போகும் ரோட்டில் சவுரியப்பன் நடத்திய சினிமாக் கொட்டாயில் ஒன்பது வருஷமாக ஸ்லைடு எழுதிக்கொண்டிருந்தார். பகலில் கடைப் பலகை, வண்டி நம்பர், தக்காளி மண்டிக் கூடைகளுக்கு அடையாள எழுத்து. சாயங்காலம் கொட்டாயில், ஆபரேட்டர் அறையை ஒட்டிய தட்டி மறைப்பு. அப்பா பாத்திரங்களுக்கு ஈயம் பூசினவர். எழுத்துவேலையை யாரும் நூர் பாஷாவுக்குக் கற்றுத் தரவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், அதியமான்கோட்டை டீக்கடைகளில் லாரிகள் நிற்கும்போது பின்கதவு எழுத்துகளை நூல் வைத்து அளந்து, வீட்டுச் சுவரில் கரியால் போட்டுப் பார்த்துப் பழகினார். நாலு வருஷம் ஆயிற்று. அதன்பிறகு கோடு போடாமலேயே நேராக எழுத வந்தது.

படத்துக்கு நடுவே திரையில் பெயர் போட்டு ஆள் கூப்பிடும் ஸ்லைடுக்கு அவர் சில கட்டுப்பாடு வைத்திருந்தார். ஆரம்பத்தில் அவை இல்லை. ஒருதடவை நாலைந்து பேர் சேர்ந்துகொண்டு, 'மொரப்பூர் மாமனார் வந்து உன் பெண்டாட்டியைக் கூட்டிப்போகிறார்' என்று ஒருவனுக்கு எழுத வைத்தார்கள். அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினான். கொட்டாயே ஒரு வாரம் சிரித்தது. அதிலிருந்து, சேதி சொல்கிறவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும், ஊரும் தகப்பன் பெயரும் சொல்ல வேண்டும். சாவுச் செய்தி என்றால் சாவு என்று எழுதமாட்டார்; 'உடனே வீட்டுக்கு வரவும்' என்பதோடு சரி.

இன்னொரு தடவை, முந்தின நாள் கண்ணாடியைத் துடைக்காமல் வைத்திருந்ததை ஆபரேட்டர் மாற்றிச் செருகிவிட்டான். நேற்றே பிள்ளை பெற்றுவிட்ட மனைவிக்குப் பிரசவ வலி என்று திரையில் பார்த்து ஒரு ஆள் நாலு மைல் ஓடினான். அதற்குப் பிறகு நூர் பாஷா, ஆள் எழுந்து வெளியே போனதுமே கண்ணாடியை வாங்கிச் சாம்பல் துணியால் துடைத்துவிடுவார்.

கிருஷ்ணப்பன் வந்த அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் கீழ்ப்பாதியில் மூன்று வரியும் விழுந்தன. பெண்கள் பக்கத்தில் சலசலப்பு. பாவாடை தாவணியில் ஒரு பெண் மணலில் காலைப் பதித்து ஓடி வந்தாள். வாசலுக்குப் போகாமல் தட்டி மறைப்புக்கு வந்து நின்றாள்.

"வஹிதா அப்பா, எங்கம்மாவுக்கு என்னாச்சுங்க?"

அப்போதுதான் அவருக்கு முகம் தெரிந்தது. மகளோடு ப்ளஸ் டூ படிக்கும் பெண். ரம்ஜானுக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டவள்.

"தெரியலம்மா. உங்கப்பா வெளிய நிக்கிறாரு. போம்மா, சீக்கிரம் போ."

கையை நீட்டி வழி காட்டினார். அவள் போனாள். வேன் கதவு சாத்தப்பட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து, பிப்ரவரி ஒன்பது. செவ்வாய்க்கிழமை செல்லியின் உடல் கன்னிமார்பட்டி எல்லையில் ஒரு பாழுங்கிணற்றில் கிடைத்தது. கிருஷ்ணப்பன் போலீசில் எழுதிக் கொடுத்தார்: மகள் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போனவள் வீடு திரும்பவில்லை, கூடப் படிக்கும் மலைக்காரப் பையன் காளியன்தான் ஆசைகாட்டிக் கூட்டிப்போய்க் கொன்றுவிட்டான். அன்றைக்கே போலீஸ்காரர்கள் பள்ளி விடுதியிலிருந்து காளியனைக் கூட்டிப் போனார்கள். அவனுக்குப் பதினேழு வயது.

சனிக்கிழமை முதல் ஆட்டத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். இருநூறு பேரும் திரையில் அந்தப் பெயரைப் படித்தார்கள். டீக்கடையில் பேச்சு வந்தால், "நான் அன்னிக்கு சந்தைக்குப் போயிட்டன்" என்றார் ஒருவர். "நான் தூங்கிட்டன்பா, பாட்டு வந்தப்பதான் முழிச்சன்" என்றார் இன்னொருவர். "நீ எந்தப் பாட்டுக்குடா முழிச்ச? ஒனக்குப் படமே தாலாட்டாச்சே" என்று மூன்றாமவர் சொல்ல, பேச்சு அதோடு வேறு பக்கம் போய்விட்டது.

நூர் பாஷாவின் வீட்டில் கிணற்றுச் செய்தி வந்ததிலிருந்து வஹிதா சாப்பிடவில்லை. மனைவி அஸ்கரி பேகம் மந்திரித்த தண்ணீர் வாங்கி வந்து கொடுத்துப் பார்த்தாள். புதன்கிழமை மத்தியானம், அவர் வாசலில் பலகைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நானும் அங்கதான் இருந்தன்."

"எங்க?"

"கொட்டாயில. செல்லிகூட."

பிரஷ் நின்றது. அவர் மகளைச் சினிமாவுக்கு அனுப்பினதே இல்லை.

அவள் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் படம் வந்ததிலிருந்தே அவர்கள் வகுப்பில் அதே பேச்சு. பள்ளியில் படிக்கிற மூன்று பேரின் கதை. இரண்டு பெண்கள், ஒரு பையன், மூன்று பேருக்கும் ஒரே சைக்கிள். "பேருதான் வேறப்பா. மத்தபடி நாங்கதான்." காளியன் வத்தல்மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவன். கணக்கில் வகுப்பிலேயே முதல். செல்லிக்கும் வஹிதாவுக்கும் கணக்குச் சொல்லித் தருவான், லீவு முடிந்து வரும்போது மடியில் நெல்லிக்காய் கட்டி வருவான். தேன் கொண்டு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி ஒருதடவையும் கொண்டு வரமாட்டான். "தேனீ எல்லாம் லீவுல போயிருச்சா?" என்று செல்லி கேட்பாள். அவனும் செல்லியும் தனியாக எங்கும் போனதில்லை. கொட்டாயில்கூட அவன் ஆண்கள் பக்கம், இவர்கள் பெண்கள் பக்கம். நடுவில் இடுப்புயர மண்சுவர்.

"அவன் சிரிச்சா இவளுக்குத் தெரியும்பா. அத்தன பேரு சிரிக்கையிலயும், அது அவன் சிரிப்புன்னு சொல்லுவா. அவ்ளோதாம்பா. வேற ஒண்ணுமே இல்ல."

"ஸ்லைடு விழுந்தப்ப?"

"நானும் எந்திரிச்சன். அவதான், நீ இருடி, வெளிய உங்கப்பா இருப்பாரு, மாட்டிக்குவன்னா. நான் உக்காந்துட்டன்." வஹிதா முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். "படத்துல சிநேகிதிய இழுத்துட்டுப் போவையில இன்னொரு பொண்ணு கூடவே போவும்பா. அடி வாங்கும், ஆனாலும் கூடவே போவும். நான் கடசி வரைக்கும் உக்காந்து படம் பாத்துட்டு வந்தன்."

பலகையில் வெள்ளை ஓரமாக வழிந்து தரையில் சொட்டியது.

"காளியன் ஸ்டேஷன்ல, ஸ்லைடு போட்டுக் கூப்ட்டாங்க, கூப்ட்டாங்கன்னே சொல்லிட்டிருக்கானாம். பொய் சொல்றான்னு அடிக்கிறாங்களாம். நீங்கதானப்பா எழுதுனீங்க."

அன்று சாயங்காலம் ஆட்டம் தொடங்குமுன் அவர் சவுரியப்பனிடம் போனார். சவுரியப்பன் கொட்டாய் முதலாளி. நல்ல மனிதர்தான். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"பாய், இந்தக் கொட்டாய் நிக்கிற நெலம் யாருது?"

"கிருஷ்ணப்பன் தம்பியோடது."

"லைசென்சு அடுத்த மாசம் முடியுது. பத்துப் பேரு இதுல சாப்புடறாங்க. இப்ப நீயும் நானும் போயி சொன்னம்னா என்னா ஆவும்? செத்த புள்ள எந்திரிச்சு வருமா?"

"உள்ள இருக்கற புள்ள வெளிய வருங்களே."

சவுரியப்பன் திரும்ப வந்து உட்கார்ந்தார். "சரி. அந்த ஸ்லைடு இருக்குதா உங்கிட்ட?"

"தொடச்சிட்டன்."

"அப்பறம் என்னாத்தக் காட்டுவ பாய்? உன் வாய்க்கு எதிரா அவங்க ஊரே வாய் தொறக்கும். போ, இன்னிக்கு சோடா கம்பெனி ஸ்லைடு வந்திருக்குது, அதுக்குக் கலர் போடு."

அவர் போய்க் கலர் போட்டார். அதை இரண்டு தடவை அழித்துப் போட வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலை போலீஸ் ஸ்டேஷன் பக்கமாகச் சைக்கிளில் போனபோது எதிரே வேப்பமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பக்கத்தில் துணிமூட்டை. அவள் முனியாயி, காளியனின் தாய் என்று பெட்டிக்கடைக்காரர் சொன்னார். மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறாள். மூட்டையில் சாமைச் சோறு. மகனிடம் கொடுக்க விடவில்லை, அவளும் தின்னவில்லை, புளித்துப்போய்விட்டது.

நூர் பாஷா சைக்கிளை நிறுத்தியதும் அவளே பேசினாள். வருகிற போகிற எல்லோரிடமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"ஐயா, படம்னா என்னாங்க? எம் பையன் படம் பாக்கப் போனன்னு சொல்றான். அதுக்குள்ள அந்தப் புள்ள பேர எழுதிக் கூப்ட்டாங்கன்னு சொல்றான். வெளிச்சத்துலயா எழுதுவாங்க? அப்பிடி எழுத முடியுமாங்க?"

"முடியும்மா."

"முடியும்னா ஏன் அடிக்கிறாங்க?"

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார், ஏறி மிதிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கிருஷ்ணப்பன் வாசல் பலகைமேல் உட்கார்ந்திருந்தார். மழிக்காத முகம். மடியில் துணி சுற்றிய படம். துணியைப் பிரித்து நீட்டினார். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தது. இரட்டைச் சடை, ரிப்பன், சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத முகம்.

"காரியத்துக்கு வெக்கணும் பாய். கீழ பேரு, தோற்றம், மறைவு போட்டுக்குடு. உன் எழுத்துதான் நல்லாருக்கும்."

பிறந்த தேதியைச் சொன்னார். நூர் பாஷா தாளில் குறித்துக்கொண்டார்.

"மறைவு?"

"எட்டு ரெண்டு எம்பத்தஞ்சு. வெள்ளிக்கெழம."

பென்சில் தாளின்மேல் நின்றது.

"ஒம்பதாந்தேதி சனிக்கெழம நான் ஸ்லைடு எழுதுனங்களே. நீங்க பக்கத்துல நின்னீங்க."

"எதுல எழுதுன?"

"கண்ணாடியில."

"எங்க அது? குடு, பாப்பம்."

"தொடச்சிட்டங்க."

"தொடச்சாச்சுன்னா எழுதலன்னுதான அர்த்தம் பாய்." குரலில் கோபமில்லை. களைத்த குரல். "எம் பொண்ணு வெள்ளிக்கெழமயே எனக்கு செத்துட்டா. மலைக்காரன் கூட சேந்து சுத்தறான்னு சேதி வந்த அன்னிக்கே. நான் ஒண்ணும் பொய்த் தேதி சொல்லல."

நூர் பாஷா அந்த முகத்தைப் பார்த்தார். அதில் அழுத தடம் இருந்தது. அது அவரை இன்னும் பயப்படுத்தியது.

கிருஷ்ணப்பன் எழுந்தார். "உம் பொண்ணுகூட அன்னிக்கு அங்க இருந்துச்சாமே. நல்ல புள்ள. நாளைக்குக் கட்டிக் குடுக்கணுமில்ல? ஸ்டேஷன், கோர்ட்டுன்னு நாலு பேரு நடுவுல நிக்கறதெல்லாம் அதுக்கு எதுக்கு? ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கிறன்."

அவர் போனபிறகு நூர் பாஷா படத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். சாப்பிட உட்கார்ந்தார், எழுந்துவிட்டார். அஸ்கரி பேகத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த ஊரில் இருபது வருஷமாக யார் வம்புக்கும் போகாமல் இருந்தோமே என்றாள். வஹிதாவின் பெயர் வெளியே வந்தால் அவளை யார் கேட்டு வருவார்கள் என்றாள். பிறகு அவர் சாப்பிடாத தட்டை எடுத்துக்கொண்டே, "அந்தத் தாய் இன்னும் மரத்தடியிலதான் இருக்காளா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலை. மாவட்டத் தலைமையகத்திலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்து பயணியர் விடுதியில் தங்கியிருக்கிறார், மத்தியானம் பையனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று செய்தி வந்தது. நூர் பாஷா வாசல் கதவைத் தாழிட்டார். விளக்கை ஏற்றிச் சிம்னியைக் கழற்றினார். வஹிதா எதிரே உட்கார்ந்து பார்த்தாள்.

முதல் கண்ணாடி விரிசல் விட்டது. ஒன்பது வருஷத்தில் அவர் கையில் கண்ணாடி உடைந்ததில்லை. இரண்டாவதை எடுத்தார். புகை சீராகப் படிந்தது. ஆறட்டும் என்று காத்திருந்தார்.

"அப்பா, ஞாபகம் இருக்குதா என்னா எழுதுனீங்கன்னு?"

"கைக்கு ஞாபகம் இருக்கும்."

அதே மூன்று வரி. அதே இடைவெளி. சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தாயார், உடல்நிலை, உடனே, பெண்கள் வாசல். அதற்கும் கீழே, வழக்கத்தில் இல்லாத நாலாவது வரி ஒன்றைச் சின்ன எழுத்தில் எழுதினார். '9-2-85 சனிக்கிழமை மாலை 7.15. கிருஷ்ணப்பன் சொல்ல, எழுதியவர் நூர் பாஷா.'

மேலே இன்னொரு கண்ணாடி வைத்து ஒட்டினால் எழுத்து கெடாது. ஆனால் ஆள் கூப்பிடும் ஸ்லைடுக்கு அவர் மேல்கண்ணாடி வைத்ததில்லை. அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் என்று விட்டார். ஒரு அட்டைப் பெட்டியில் நாலு மூலையிலும் பஞ்சு வைத்து, நடுவில் படாமல் நிற்க வைத்தார்.

"நானும் வர்றன்," என்றாள் வஹிதா.

அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு செருப்பைப் போட்டுவிட்டாள். அஸ்கரி பேகம் தடுக்கவில்லை.

சைக்கிளில் போனால் பெட்டி குலுங்கும் என்று நடந்தே போனார்கள். டீக்கடையைத் தாண்டும்போது பேச்சு நின்றது. "என்னா பாய், பொண்ணோட காலங்காத்தால?" என்று ஒருவர் கேட்டார். "வேலயா போறங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒரு சைக்கிள் கன்னிமார்பட்டி ரோட்டில் வேகமாகத் திரும்புகிற சத்தம் கேட்டது. வஹிதா திரும்பிப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் விடுதிக் கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பெயர், ஊர், தொழில் கேட்டார். தொழில் என்ன என்று அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நூர் பாஷா நடந்ததைச் சொன்னார். கிருஷ்ணப்பன் வந்தது, நின்றது, கேட்டது, வேன், இரண்டு ஆட்கள். பெண் வந்து தன்னிடம் கேட்டது. தான் கை நீட்டி வழி காட்டியது.

"இந்தப் பொண்ணு யாரு?"

"எம் பொண்ணுங்க. உள்ள அந்தப் புள்ள பக்கத்துல இருந்துச்சு."

"நான் சொல்றங்க சார்," என்றாள் வஹிதா.

இன்ஸ்பெக்டர் பெட்டியைப் பார்த்தார். "அதுதான் அந்த ஸ்லைடா?"

"இல்லீங்க. அத அன்னிக்கே தொடச்சிட்டன். இது அதேமாதிரி இப்ப எழுதுனது."

"கோர்ட்டுல இது செல்லாது. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"அப்பறம் எதுக்கு இது?"

"நான் என்னா எழுதுனன்னு வாயால சொன்னா, மறந்து சொல்றன்னு சொல்லுவாங்க. நீங்களே படிச்சுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையை நீட்டினார். நூர் பாஷா பெட்டியைத் திறந்து, இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக் கண்ணாடியை எடுத்தார்.

"நடுவுல தொடாதீங்க சார், புகை கையில வந்துரும். ஜன்னல் பக்கமா வெளிச்சத்துல புடிங்க," என்று சொல்லிக் கொடுத்தார்.